கூரையும் வெயிலும்: பேராக் வீடுகள் உணர்த்தும் பாடம்

குளிர்நாடுகளில் வீட்டினுள் உள்ள வெப்பம் வெளியேறாமல் காக்கும் வகையில் கூரையை வடிவமைக்கின்றனர். நம் நாட்டிலோ கதிரவனின் வெப்பத்தைத் தடுப்பதே கூரையின் தலையாய பணியாகும். ஈப்போ நகரம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 4.6 பாகையில் அமைந்துள்ளது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் நண்பகல் ஞாயிறு நம் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. டிசம்பரிலும் அது உச்சியிலிருந்து ஏறத்தாழ 28 பாகையே சாய்கிறது. ஆகவே, ஒற்றை மாடி வீடுகளில் சுவரைக் காட்டிலும் கூரையே மிகுந்த வெயிலை ஏற்கிறது.

இதனை நம் தோட்டப்புற வாழ்விலேயே காணலாம். அத்தாப்புக் கூரையின் ஓலை அடுக்குகளிடையே தங்கும் காற்று வெப்பத்தைத் தடுத்தது. ஆயினும் ஓலை விரைவில் மக்கியது, தீக்கும் இரையாயிற்று. தகரக் கூரை நீடித்து உழைத்தது. ஆனால், மெல்லிய தகடு வெயிலில் விரைந்து சூடேறி, அவ்வெப்பத்தைக் கீழே கதிர்வீசியது. உட்கூரை இல்லாத லயத்து வீட்டில் நண்பகலில் இருப்பது அரிதாயிற்று. ஈப்போவின் பழைய கடைவீடுகளோ ஓட்டுக் கூரையாலும் நடுமுற்றத்தாலும் வெப்பக் காற்றை மேலே வெளியேற்றின.

இவற்றிலிருந்து நான்கு வழிகளைப் பெறுகிறோம். முதலாவது, வெளிர்நிறப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பும். இரண்டாவது, கூரைக்கடியில் விரிக்கும் அலுமினியத் தாள் கதிர்வீச்சைக் குறைக்கும். அதன் பளபளப்பான முகம் காற்று இடைவெளியை நோக்க வேண்டும். தகட்டோடு ஒட்டிவிட்டால் பயன் குன்றும். மூன்றாவது, இறவாரத்திலும் முகட்டிலும் விடும் திறப்புகள் சூடான காற்றை வெளியேற்றும். நான்காவது, உட்கூரைமேல் பரப்பும் கனிமப் பஞ்சு வெப்பக் கடத்தலைத் தடுக்கும்.

குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கென 2001இல் வெளிவந்த எம்.எஸ். 1525 என்னும் மலேசியத் தரநிலை, குளிரூட்டப்பட்ட இடத்தின் மேலுள்ள எடைகுறைந்த கூரைக்கு வெப்பக் கடத்து மதிப்பின் உச்சவரம்பாக 0.4ஐ விதிக்கிறது. கூரையின் வெளிப்புறம் 60 பாகை செல்சியசும் உள்ளே 30 பாகையும் எனக் கொள்வோம். 100 சதுர மீட்டர்க் கூரை வழியே 1,200 வாட் வெப்பம் இறங்கும். அம்மதிப்பு 4 ஆயின், 12,000 வாட் இறங்கும். குளிரூட்டி அகற்ற வேண்டிய சுமையும் அதற்கேற்ப உயரும்.

குளிரூட்டியின் மின்கட்டணத்தைத் தாங்க இயலாத குடும்பத்திற்கு நல்ல கூரையே குளிர்ச்சி தரும். தோட்டத்தைவிட்டு வரிசை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தோருள் அத்தகையோர் பலர். மாணவர்கள் தத்தம் வகுப்பறை உட்கூரையின் கீழ் நண்பகல் வெப்பநிலையை அளந்து, வெளிநிழலின் வெப்பநிலையோடு ஒப்பிடலாம். அவ்வேறுபாடே கூரையின் தகுதியை உரைத்துவிடும்.