கிரிப்டோ ஹேக்கத்தான்: பிள்ளையை அனுப்பலாமா?

அவனியாபுரத்தில் ஜும்ஆ முடிந்ததும் ஒரு தகப்பனார் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், பையன் பெங்களூருக்கு கிரிப்டோ ஹேக்கத்தான் போகணும்கிறான். இது சூதாட்டம் இல்லையா?"

பெயரைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அங்கே நாணயம் வாங்கி விற்பதில்லை. மாணவர்கள் குழுவாக உட்கார்ந்து இரண்டு மூன்று நாட்களில் ஒரு மென்பொருளை உருவாக்கிக் காட்ட வேண்டும். பெங்களூரில் 2018இல் தொடங்கிய ஈத்இந்தியா இத்தகையதே. பரிசை நிறுவனங்கள் தருகின்றன. இப்படி ஒரு வேலைக்கு அறிவிக்கப்படும் வெகுமதியை ஃபிக்ஹில் 'ஜுஆலா' என்பர். யூசுஃப் (அலை) வரலாற்றில், காணாமல்போன அரசரின் அளவுபாத்திரத்தைக் கொண்டுவருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் அறிவிக்கப்பட்டதை (12:72) அறிஞர்கள் இதற்கு ஆதாரமாகக் காட்டுகின்றனர். போட்டியாளர்களிடமே பணம் வசூலித்து, அதையே வென்றவருக்குக் கொடுத்தால் அது சூது.

உருவாக்குவது வட்டிக்கடன் செயலியோ பந்தயச் செயலியோ என்றால் விலகிவிட வேண்டும். ஜகாத் கணக்கு, சான்றிதழ் சரிபார்ப்பு என பிளாக்செயினில் செய்ய நல்ல வேலைகள் எவ்வளவோ உண்டு.

பரிசு கிரிப்டோவாகவே வந்தால்? அதை நாணயமாகப் பயன்படுத்துவது ஹராம் என இந்தோனேசிய உலமா சபை 2021இல் அறிவித்தது. பதிவுபெற்ற சந்தையில் வர்த்தகம் கூடும் என்றது 2020இல் மலேசியப் பங்குகள் ஆணையத்தின் ஷரீஆ ஆலோசனைக் குழு. கருத்து வேறுபாடு இருப்பதால் ரூபாயாகக் கேட்டு வாங்குவதே பேணுதல் என்போம். வைத்திருந்து விற்றால் லாபத்தில் 30 சதவீத வரியும் உண்டு.

போட்டியின் விதிமுறைகளை, குறிப்பாகக் கட்டணத்தையும் பரிசையும் பற்றிய பகுதியை, மகனோடு உட்கார்ந்து படிக்கும்படி அவரிடம் சொல்லி அனுப்பினோம்.