இழப்பீட்டுப் பணத்தில் அரசுக்குப் போவது எவ்வளவு?

பிரிட்டனில் வேலையிடத்திலோ சாலையிலோ அடிபட்டவரின் இழப்பீட்டு வழக்கு முடிய ஆண்டுக்கணக்கில் ஆகலாம். அதுவரை யூனிவர்சல் கிரெடிட், பிஐபி போன்ற அரசு உதவித்தொகையில்தான் வீடு ஓடும். கடைசியில் காப்பீட்டு நிறுவனம் சமரசத்துக்கு வரும்போது அரசு அந்தத் தொகையைத் திரும்பக் கேட்கிறது. ஒரே சம்பள இழப்புக்கு இரண்டு முறை பணம் போகக் கூடாது, பிறர் செய்த தவறின் செலவு வரி கட்டுவோர் தலையில் விழக் கூடாது என்பது அதன் நியாயம்.

1997-ஆம் ஆண்டின் உதவித்தொகை மீட்புச் சட்டப்படி, திருப்பிக் கட்ட வேண்டியவர் அடிபட்டவர் அல்லர், இழப்பீடு தருபவரே. அவர் அரசின் இழப்பீட்டு மீட்புப் பிரிவிடம் சான்றிதழ் வாங்கி, அதிலுள்ள தொகையைக் கட்டிவிட்டு, இழப்பீட்டில் கழித்துக்கொள்வார். ஆனால் இஷ்டத்துக்குக் கழிக்க முடியாது. சம்பளத்துக்கு ஈடான உதவியைச் சம்பள இழப்பில் மட்டும், பராமரிப்புக்கான உதவியைப் பராமரிப்புச் செலவில் மட்டும், நடமாட்டத்துக்கான உதவியை அதற்குரிய தொகையில் மட்டும்தான் கழிக்கலாம். வலிக்கும் வேதனைக்கும் தந்த பணத்தைத் தொடவே கூடாது. இதற்கு முந்தைய சட்டத்தில் இந்தக் காப்பு இல்லை. வேதனைக்கான பணமும் கரைந்தது. அது பெரிய அநியாயம்.

ஒரு கணக்கு. சமரசத் தொகை 20,000 பவுண்ட்: வேதனைக்கு 8,000, சம்பள இழப்புக்கு 7,000, பராமரிப்புக்கு 5,000. பெற்ற உதவி: சம்பளத்துக்கு ஈடாக 9,000, பராமரிப்புக்கு 3,000. காப்பீட்டு நிறுவனம் அரசுக்கு 12,000 கட்ட வேண்டும். சம்பள இழப்பான 7,000 முழுக்கப் போய்விடும். மீதி 2,000-ஐ நிறுவனமே சுமக்கும். பராமரிப்பில் 3,000 கழியும். கைக்கு வருவது 10,000 பவுண்ட்.

அதனால் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்கி, கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கழிவு போகக் கைக்கு எவ்வளவு, எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று வழக்கறிஞரிடம் எழுத்தில் கேளுங்கள். விபத்தில் உங்கள் மீதும் பாதித் தவறு என்று ஒப்புக்கொண்டால் இழப்பீடு பாதியாகும், அரசுக்குரிய தொகையோ ஒரு பவுண்ட்கூடக் குறையாது. பலர் சறுக்குவது இங்கேதான்.

விபத்துக்கு மறுநாள் தொடங்கும் உதவித்தொகை மீட்புக் கணக்கு, சமரசம் முடியும் நாளில் நிற்கும். எவ்வளவு இழுத்தாலும் 5 ஆண்டுகளைத் தாண்டாது.

சான்றிதழின் ஒவ்வொரு வரியையும் சரிபாருங்கள். ஏற்கெனவே இருந்த மூட்டுவலிக்காகப் பெற்ற உதவி, விபத்துக் கணக்கில் ஏறியிருக்கலாம். அப்படியானால் மருத்துவக் குறிப்புகளைக் காட்டி மறுபரிசீலனை கேட்கலாம். தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்வதோ, இழப்பீடு தீர்ந்து அரசின் பணமும் கட்டப்பட்ட பிறகுதான் முடியும். ஆதாரங்களை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.