அட்வான்ஸ் வாங்கினால் அடிமையா? கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் என்ன சொல்கிறது?

வேலூரை அடுத்த கணியம்பாடியிலிருந்து அமிர்தி பக்கம் திரும்பினால் ஜவ்வாது மலை தொடங்கிவிடும். மானாவாரி சாமை அறுவடை முடிந்துவிட்டால் மலைக்காரர்கள் பலருக்கு உள்ளூரில் வேலை இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் ஏஜென்ட் வருவார். “அட்வான்ஸ் வாங்கிக்கோ, குடும்பத்தோட வந்துடு” என்பார். மரம் வெட்டவோ செங்கல் சூளைக்கோ போனவர்கள், ஊர்ச் சாவுக்குக்கூடத் திரும்ப முடியாது. “கணக்கை முடிச்சுட்டுப் போ” என்பார் முதலாளி. அந்தக் கணக்கு முடியவே முடியாது.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், அன்றைய வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். பெரும்பாலும் இருளர்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்த படம் பலருக்கும் நினைவிருக்கும்.

அட்வான்ஸ் வாங்கியது நிஜம்தானே, திருப்பித் தர வேண்டாமா? வேண்டாம் என்கிறது 1976-ம் ஆண்டு கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம். ஆளைக் கட்டிப்போடும் கடன் சட்டப்படி ரத்து. ரத்தான கடனை வசூலித்தாலே 3 ஆண்டு வரை சிறை. ‘இது கொத்தடிமைக் கடன் இல்லை’ என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர்தான், தொழிலாளி அல்ல. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கொத்தடிமையாக வேலை வாங்கியதற்கும் 3 ஆண்டு வரை சிறைதான், கூடவே ரூ.2,000 வரை அபராதம். இந்தக் காலத்தில் அது ஒரு லோடு விறகுக்குக் காணாது. அதனால்தான் ஆள் கடத்தல் பிரிவு முக்கியமாகிறது. முன்பு இ.பி.கோ. 370, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 143. ஏமாற்றியோ ஆசை காட்டியோ சுரண்டலுக்காக ஆளைக் கூட்டிப்போனால் குறைந்தது 7 ஆண்டு. ஒருவருக்கு மேல் என்றால் 10 ஆண்டு முதல் ஆயுள் வரை. ‘அவங்களா விரும்பித்தான் வந்தாங்க’ என்ற வாதம் இங்கே எடுபடாது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும்.

மீட்கப்பட்டவர் கையில் இருக்க வேண்டியது ஒரே ஒரு தாள்: விடுவிப்புச் சான்றிதழ். விசாரித்து அதைக் கொடுப்பவர் பெரும்பாலும் வேலை நடந்த இடத்தின் ஆர்.டி.ஓ. அந்தத் தாள் இருந்தால்தான் பழைய கடன் தீர்ந்தது என்பதற்குச் சாட்சி. உடனடி உதவியாக ரூ.30,000 வரை கிடைக்கும். மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு ரூ.1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ரூ.2 லட்சம், கொடிய சுரண்டல் என்றால் ரூ.3 லட்சம்.

சிக்கலும் இங்கேதான். இந்தப் பெரிய தொகையை வழக்கின் முடிவோடு கட்டி வைத்திருக்கிறார்கள். வழக்கு இழுக்கும்; மலையிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் இறங்கி வர பஸ் காசு வேண்டும், அன்றைய கூலியும் போகும். ஜவ்வாது மலையோ வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. சொந்த ஊர் ஒரு மாவட்டம், சூளை இன்னொரு மாவட்டம் என்றால் ஃபைல் எந்த மேசையில் இருக்கிறது என்று தேடவே மாதங்கள் ஓடும். அதற்குள் அடுத்த அறுவடை முடிந்து, ஏஜென்ட் மறுபடி அட்வான்ஸோடு வாசலில் நிற்பார்.