சார்ல்ஸ்டன்: கடல் கடந்து வந்த ஆலிம் கரையிறங்கிய ஊர்

அமெரிக்காவில் வசிக்கும் நம் குடும்பங்களுக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல விடுமுறை கிடைத்தால் கார் பயணம்தான். அட்லாண்டாவிலிருந்து ஐந்து மணி நேரம், சார்லட்டிலிருந்து மூன்றரை மணி நேரம் ஓட்டினால் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் வந்துவிடும். 1670-ல் ஆங்கிலேயர் அமைத்த துறைமுக ஊர். வண்ண வண்ண வீடுகள், குதிரை வண்டி, கடற்கரை என்று போய் வந்தவர்களின் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். அழகான ஊர்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இந்நாட்டில் இஸ்லாம் தங்கள் வாப்பா விசா வாங்கி வந்த பிறகுதான் வந்தது என்று எண்ணிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் காட்ட வேறொன்று இருக்கிறது.

1807-ல் இங்கே ஒரு கப்பலிலிருந்து உமர் இப்னு சயீத் என்பவர் அடிமையாக இறக்கப்பட்டார். இன்றைய செனகல் நாட்டின் ஃபூத்தா தோரோ பகுதியைச் சேர்ந்தவர். அப்போது வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. 25 ஆண்டுகள் மார்க்கக் கல்வி கற்றவர். போரில் பிடிபட்டு, ஒன்றரை மாதம் கடலில் வந்து, ஜான்சன் என்பவருக்கு விற்கப்பட்டார். அவனது கொடுமை தாங்காமல் தப்பி, ஒரு மாதம் நடந்து வட கரோலினாவின் ஃபயெட்வில் போய்ச் சேர்ந்தார். அங்கே தொழுவதற்காக ஒரு கட்டிடத்துக்குள் நுழைந்தபோது பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். சிறைச் சுவரில் கரித்துண்டால் அரபியில் எழுதினார். அந்த எழுத்தை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. பிறகு ஜேம்ஸ் ஓவன் என்பவர் அவரை விலைக்கு வாங்கினார்.

1831-ல் உமர் தன் வரலாற்றை அரபியில் எழுதினார். அமெரிக்காவில் அடிமையாக இருந்த ஒருவர் அரபியில் எழுதிய தன்வரலாறுகளில் இன்று நமக்குக் கிடைப்பது இது ஒன்றே என்கிறார்கள். பிஸ்மில்லாஹ்வுக்குப் பிறகு அவர் முதலில் எழுதியது தன் கதையை அல்ல, சூரத்துல் முல்கை. நம் வீடுகளில் இரவு தூங்கும் முன் ஓதுகிறோமே, அதே சூரா. முல்க் என்றால் ஆட்சி, உடைமை. ஒரு மனிதன் தன்னை உடைமையாக வைத்திருக்கும்போது, உடைமை யாருடையது என்று சொல்லும் சூராவை அவர் தேர்ந்தெடுத்தார். அவருடைய எஜமானர்களுக்கு அரபி தெரியாது. பேசிய மொழியையும் அரபியையும் பெருமளவு மறந்துவிட்டதாக அதே நூலில் வருந்தியும் எழுதுகிறார்.

1820-களின் தொடக்கத்தில் அவர் தேவாலயத்தில் சேர்க்கப்பட்டார் என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். அது மனதார நடந்ததா, உயிர் வாழும் வழியா என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அவருடைய உள்ளத்தை அல்லாஹ்வே அறிவான். தொண்ணூறு வயதைக் கடந்தும் விடுதலை பெறாமலேயே மரணித்தார். அவரது கையெழுத்துப் பிரதியை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2017-ல் வாங்கி இணையத்தில் வைத்திருக்கிறது. கிளம்பும் முன் அதைத் திறந்து, முல்க் சூராவின் வரிகளைப் பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள்.

ஊருக்குள் வந்ததும் முதலில் கேட்ஸ்டன் துறைக்குப் போகலாம். 1808-ல் அடிமை இறக்குமதித் தடை வரவிருந்ததால், அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் வியாபாரிகள் அவசர அவசரமாக ஏறக்குறைய 40,000 பேரைத் தென் கரோலினாவுக்குக் கொண்டுவந்தார்கள். உமர் வந்ததும் அந்த அவசரத்தில்தான். 2023-ல் இத்துறை இருந்த இடத்தில் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கட்டிடத்தைத் தூண்கள் மேல் தூக்கி நிறுத்தி, கீழே மண்ணை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். தரையில், கப்பலின் அடித்தளத்தில் நெருக்கிக் கிடத்தப்பட்ட மனித உருவங்களின் கோட்டு வடிவங்கள். அவற்றின் மேல் தண்ணீர் ஏறி வடிகிறது. சின்னப் பிள்ளைகள் தண்ணீரைக் கண்டு ஓடுவார்கள். அது என்னவென்று முன்பே சொல்லிவைப்பது நல்லது. நுழைவுச்சீட்டையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

சாமர்ஸ் தெருவில் பழைய அடிமைச் சந்தைக் கட்டிடம் இருக்கிறது. 1856-ல் நகராட்சி தெருவில் மனிதர்களை ஏலம் விடுவதைத் தடுத்தது. விற்பனை நிற்கவில்லை, இதுபோன்ற இடங்களுக்கு உள்ளே போய்விட்டது. பண்ணை மாளிகை பார்க்க ஆசைப்பட்டால் மெக்லாய்ட் பண்ணையைத் தேர்ந்தெடுங்கள். எஜமானரின் மேஜை நாற்காலியைவிட அடிமைகளின் குடிசை வரிசையைப் பற்றித்தான் அங்கே அதிகம் சொல்வார்கள்.

சாப்பாட்டில் கவனம் தேவை. இந்த வட்டாரத்தின் சிவப்புச் சோறு மேற்கு ஆப்பிரிக்க ஜொலாஃபின் உறவு. இங்கே நெல் விளைந்ததே அந்நாட்டு உழவர்களின் அறிவால்தான். ஆனால் அதில் பன்றிக் கொழுப்போ இறைச்சியோ பெரும்பாலும் சேரும். கீரைக்கும் இறால் கஞ்சிக்கும் அதே கதை. எதையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். கிங் தெருவில் பள்ளிவாசல் இருக்கிறது, ஜும்ஆவுக்கு வசதி.

ராலே, வாஷிங்டன் பக்கமிருந்து வருகிறவர்கள் ஐ-95 நெடுஞ்சாலையில் திரும்பும்போது ஃபயெட்வில் வழியில் வரும். உமர் சிறைப்பட்ட அதே ஊரில் இன்று அவர் பெயரிலேயே ஒரு பள்ளிவாசல் உண்டு. பக்கத்தில் அவரைப் பற்றி அரசு வைத்த வரலாற்றுப் பலகையும் நிற்கிறது. லுஹரையும் அஸரையும் அங்கே சேர்த்துத் தொழுதுவிட்டுப் புறப்படலாம்.