கடலே இல்லாத ராஜபாளையத்தில் மீனவர்களா? கண்மாய் மீன்பிடி பற்றி ஒரு விளக்கம்

ராஜபாளையம்னா நூற்பாலையும் நாட்டு நாயும். ஸ்ரீவில்லிபுத்தூர்னா ஆண்டாள் கோயிலும் பால்கோவாவும். மீனுக்காக இந்த ஊர்களை யாரும் தேடுவதில்லை. விருதுநகர் மாவட்டத்துக்குத்தான் கடற்கரையே கிடையாதே! ஆனால் மாசி, பங்குனியில் கண்மாய்த் தண்ணீர் வற்றத் தொடங்கினால் போதும், கரையில் தராசு வந்துவிடும். 'கம்மா மீனு' வாங்க ஒரு கூட்டமே நிற்கும். அந்த மீனைப் பிடிப்பவர்கள் யார்?

கண்மாய் யாருடையது?

கண்மாயில் நினைத்தவர் எல்லாம் வலை வீச முடியாது. 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் தரும் கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. மீன்பிடி உரிமை ஏலத்துக்கு வரும். ஊர்ப்பேச்சில் 'மீன்பாசி குத்தகை'. குத்தகை எடுத்தவர் குஞ்சு வாங்கி விடுவார்; வலை இழுப்பவருக்குக் கூலியோ பங்கோ கிடைக்கும். மழை பொய்த்தால் அதுவும் இல்லை.

தண்ணீர் குறைந்தால்தான் மீன் வலையில் விழும். விவசாயிக்கோ தண்ணீர் நின்றால்தான் பயிர். கோடை வந்தால் மடையைத் திறப்பதில் சண்டை வருவது இதனால்தான். இதில் வலை இழுப்பவரின் பேச்சு பெரும்பாலும் எடுபடாது. அவர் குத்தகைதாரரும் இல்லை, ஆயக்கட்டுதாரரும் இல்லை.

அவர் மீனவரா, இல்லையா?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கான நிவாரணம் 14 கடலோர மாவட்டங்களின் மீனவக் குடும்பங்களுக்கானது. தடை கடலுக்குத்தான் என்பதால் நியாயமும் இருக்கிறது. ஆனால் கண்மாய் வறண்டு கிடக்கும் மாதங்களும் ஒருவகைத் தடைக்காலம்தானே?

நல வாரியத்தில் உள்நாட்டு மீனவர்களுக்கும் இடம் உண்டு. சிக்கல் வேறு இடத்தில். நாலு மாசம் வலை, மீதி நாள் கொத்து வேலை, நூறு நாள் வேலை என்று ஓடுகிறவர், விண்ணப்பத்தில் 'தொழில்' என்ற கட்டத்தில் எதை எழுதுவார்? கடலோரத்தில் ஊரே 'இவர் மீனவர்' என்று சொல்லும். இங்கே தனி மீனவ ஊர் என்ற அடையாளமும் இல்லை.

ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு 2014-இல் ஏற்றுக்கொண்ட சிறு அளவு மீன்பிடி வழிகாட்டுதல்கள் கடலோடு நிற்கவில்லை. உள்நாட்டு நீர்நிலைகளையும் சேர்த்துத்தான் பேசுகின்றன. பழவேற்காடு ஏரியில் ஆய்வு செய்த சாரா கோல்ட்ஹார்ட் போன்றவர்கள் மீனவரின் நல்வாழ்வை வருமானத்தோடு மட்டும் அளப்பதில்லை. அக்கம்பக்கத்தோடு உள்ள உறவையும், தன் வாழ்க்கையைப் பற்றி அவரே என்ன நினைக்கிறார் என்பதையும் சேர்க்கிறார்கள்.

வலை இழுக்கிறவரா, மீன் தெரிஞ்சவரா?

விரால் மேலே வந்து மூச்சு வாங்கும் மீன். அதன் குஞ்சுகள் செம்மை நிறத்தில் கூட்டமாக நீர்ப்பரப்பில் திரியும். பெற்றோர் மீன் பக்கத்திலேயே காவல் இருக்கும். அந்தச் செம்மையைப் பார்த்தே கீழே என்ன நிற்கிறது என்று சொல்ல ஒரு பழக்கம் வேண்டும். அப்படிப்பட்டவருக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. இப்போது குத்தகைக் கண்மாய்களில் கட்லா, ரோகு, மிர்கால்தான் முக்கிய வரவு. மூன்றுமே கங்கைச் சமவெளியிலிருந்து வந்தவை. 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி கெண்டை கேட்காமலே பெருகிவிடுகிறது. விளைச்சல் கூடியது உண்மை. பெருவலையை இழுக்கக் கை பலம் போதும். விராலின் குணம் தெரிந்தவரும் அங்கே பத்துப் பேரில் ஒருவர்தான், கூலியும் அதே கூலிதான்.