அந்த மெயில் யார் யாருக்குப் போகிறது?



அம்மையார்குப்பம் பகுதிக் குழுக்களின் கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து நின்று கேட்டார்: "எனக்கு மூணு தவணை பாக்கி நிக்குதுன்னு எங்க மாமியாருக்கே தெரியாது. பக்கத்து ஊர்க்காரங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. விசாரித்துப் பார்த்தபோது தவறு எங்கள் அலுவலகத்தில்தான் நடந்திருந்தது.

தவணை பாக்கிப் பட்டியலைக் கூட்டமைப்பின் பொறுப்பாளர்களுக்கு மட்டும் மெயிலில் அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டரில் 'கூட்டமைப்பு' என்று தட்டியதும் இரண்டு முகவரிகள் வந்து நின்றன. ஒன்று பொறுப்பாளர்களுக்குப் போவது. இன்னொன்று எல்லாக் குழுக்களின் ஊக்குநர், பிரதிநிதிகளுக்கும் போவது. அவசரத்தில் கை இரண்டாவதில் பட்டுவிட்டது. சேமிப்பு எவ்வளவு, பாக்கி எவ்வளவு, ஆதார் எண் என்ன, எல்லாமே போய்விட்டது. அந்த அக்கா அதற்குப் பிறகு மூன்று வாரம் கூட்டத்துக்கு வரவில்லை. நாங்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். போன செய்தி போனதுதான்.

அதனால் இந்த மாதம் இந்தக் குழு முகவரியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகப் பேசுவோம். "மெயில் எல்லாம் ஆபீஸ்காரங்க விஷயம், நமக்கெதுக்கு?" என்று நினைக்க வேண்டாம். அதில் போவது உங்கள் கணக்கு.

குழு முகவரி என்பது தண்டோரா போட்ட மாதிரி. ஒரு இடத்தில் அடித்தால் ஊர் முழுக்கக் கேட்கும். கூகுள் குரூப்ஸ் போன்ற வசதியில் ஐம்பது பேருடைய மெயில் முகவரியைச் சேர்த்து வைத்துவிட்டு, அதற்கு ஒரே ஒரு பொது முகவரி வைப்பார்கள். அந்த முகவரிக்கு அனுப்பினால் ஐம்பது பேருக்கும் போகும். வேலை சுலபம்தான். ஆனால் அனுப்புகிறவர் கண்ணுக்கு அந்த ஐம்பது பேர் தெரிவதில்லை, ஒரு பெயர்தான் தெரிகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

எங்கள் பட்டியலைத் திறந்து பார்த்தோம். குழுவை விட்டுப் போன உறுப்பினர் இருந்தார். மாற்றலாகிப் போன வங்கி அலுவலர் ஒருவர் இருந்தார். முன்பு கணக்கு எழுதிய பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டார், அவர் பெயரும் இருந்தது. ஆனால் புதிதாகத் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இரண்டு பேரை யாரும் சேர்க்கவே இல்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் விட்டுப்போனால் அன்றே கண்டுபிடித்துவிடுகிறோம். இந்தப் பட்டியலை வருஷக்கணக்கில் யாருமே பார்க்கவில்லை.

பெரிய ஊர்களிலும் இது நடக்கிறது. லண்டனில் 56 டீன் ஸ்ட்ரீட் என்று ஒரு மருத்துவமனை. எச்.ஐ.வி. பாதித்தவர்கள் சிகிச்சைக்கு வரும் இடம். 2015 செப்டம்பரில் அங்கிருந்து ஒரு செய்திமடல் மெயிலில் போனது. சுமார் 780 பேருக்கு. எல்லா முகவரிகளையும் மறைத்து அனுப்பாமல், அப்படியே தெரியும்படி அனுப்பிவிட்டார்கள். பெரும்பாலோரின் முழுப் பெயரும் மற்ற எல்லோருக்கும் தெரிந்துபோனது. அடுத்த ஆண்டு அந்த மருத்துவமனையை நடத்தும் நிறுவனத்துக்கு 1,80,000 பவுண்டு அபராதம் விதித்தார்கள்.

மறைத்து அனுப்புவது எப்படி? மெயில் எழுதும்போது மேலே 'டு', 'சிசி', 'பிசிசி' என்று மூன்று இடம் இருக்கும். முதல் இரண்டில் போடும் முகவரி எல்லோருக்கும் தெரியும். பிசிசியில் போட்டால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. ஜிமெயிலில் அனுப்பிய உடனே திரும்பப் பெறும் வசதியும் உண்டு, ஆனால் அதிகபட்சம் 30 வினாடிதான். அடுப்பில் பால் பொங்குவதற்குள் அது முடிந்துவிடும்.

அனுப்பும் உரிமை யாருக்கு என்பதையும் முடிவு செய்ய வேண்டும். எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பலாம் என்று விட்டால் என்ன ஆகும்? 2016 நவம்பரில் இங்கிலாந்தின் அரசு சுகாதாரத் துறையில் ஒரு சோதனை மெயில் தவறுதலாகப் பல லட்சம் ஊழியர்களுக்குப் போனது. "எனக்கு ஏன் அனுப்பினீர்கள்?" என்று பலர் எல்லோருக்கும் பதில் போட, மெயில் போக்குவரத்தே திணறிப்போனது. நம்மிடம் அவ்வளவு கூட்டம் இல்லை. ஆனால் பத்து "சரிங்க மேடம்" நடுவில் வங்கிக் கடன் முகாம் தேதி காணாமல் போவதைப் பார்த்திருக்கிறோம். குழு முகவரியின் அமைப்பில் 'பொறுப்பாளர் மட்டும் அனுப்பலாம்' என்றும், 'பதில் அனுப்பியவருக்கு மட்டும் போகட்டும்' என்றும் வைக்கலாம். வாட்ஸ்அப் குழுவிலும் அட்மின் மட்டும் செய்தி போடும் வசதி 2018 முதல் இருக்கிறது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது சாவி. குழு முகவரிக்கு 'உரிமையாளர்' என்று ஒருவர் உண்டு. சேர்ப்பது, நீக்குவது எல்லாம் அவர் கையில். நம் வங்கிக் கணக்கில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட விடுவோமா? மாட்டோம். இதையும் அப்படித்தான் வைக்க வேண்டும். குறைந்தது இரண்டு உரிமையாளர் இருக்கட்டும். ஜிமெயில் கணக்கைத் திறந்தவர் தன் சொந்த செல் நம்பரைக் கொடுத்திருந்தால், பாஸ்வேர்டு மறந்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும். அவர் வேலையை விட்டுப் போய், அந்த சிம்மைப் பயன்படுத்தாமல் விட்டால், 90 நாளுக்குப் பிறகு கம்பெனி அதைத் துண்டிக்கலாம். பிறகு அந்த நம்பர் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். கூட்டமைப்பின் மெயில் சாவியும் அவர் கைக்குப் போக வழி இருக்கிறது. இன்னொன்று: இரண்டு வருஷம் யாரும் திறக்காத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். 2023 டிசம்பரில் இருந்து அப்படி நீக்கி வருகிறார்கள்.

"அட்மினா இருந்தா போலீஸ் கேஸ் வரும்னு சொல்றாங்களே" என்று பல சகோதரிகள் பயப்படுகிறார்கள். 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இப்படி ஒரு வழக்கு வந்தது. அந்த நபர் அட்மின் வேலையை மட்டும்தான் பார்த்தார் என்று தெரிந்தால், குற்றப்பத்திரிகையில் அவர் பெயரைச் சேர்க்கக் கூடாது என்று நீதிமன்றம் போலீசுக்குச் சொன்னது. உறுப்பினர் போட்ட பதிவுக்கு அட்மின் பொறுப்பல்ல என்று கேரள உயர் நீதிமன்றமும் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அட்மினே தப்பான செய்தியைப் போட்டால் அது வேறு கதை.

ஒரு சின்ன விஷயம். நம் பகுதியில் தெலுங்கு பேசும் உறுப்பினர்கள் நிறைய. தமிழ் எழுத்து படிக்கச் சிரமப்படுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தறியில் உட்கார்ந்திருக்கும்போது மகனோ மகளோதான் செய்தியைப் படித்துச் சொல்கிறார்கள். எனவே ஒருவருக்கு அனுப்பினால் வீட்டில் நான்கு பேர் பார்ப்பார்கள் என்று நினைத்தே அனுப்ப வேண்டும். பாக்கி விவரத்தை நேரில் சொல்லுங்கள். ஆதார் நகல், பாஸ்புக் போட்டோ எதையும் பொதுக் குழுவில் போட வேண்டாம். அப்படி வெளியே போன விவரத்தை வைத்து யாராவது பணம் எடுத்துவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஊக்குநர்கள் தீர்மானப் புத்தகத்தோடு வாருங்கள். பட்டியலை அச்செடுத்துக் கொண்டு வருகிறோம், பெயர் பெயராகப் படிப்போம். கீழே உள்ள தீர்மானத்தை உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதிக்கொள்ளலாம்:

"கூட்டமைப்பின் குழு முகவரிக்குத் தலைவர், செயலாளர் இருவரும் உரிமையாளர்களாக இருப்பது என்றும், அவர்களும் கணக்காளரும் மட்டும் செய்தி அனுப்புவது என்றும், பொறுப்பில் இருந்து விலகுபவரின் பெயரை அந்த வாரமே நீக்குவது என்றும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலைக் கூட்டத்தில் படித்துச் சரிபார்ப்பது என்றும், உறுப்பினரின் கடன் விவரத்தைக் குழு முகவரிக்கு அனுப்புவதில்லை என்றும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னவர் அந்த அக்காதான். இப்போது கூட்டத்துக்கு வருகிறார்.