சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டலாமா?

ஒரு சின்னக் கணக்கு. உங்களிடம் எத்தனை பாஸ்வேர்ட் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணுங்கள். சம்பளம் வருகிற பாங்க், சம்பளம் போகிற பாங்க் (ஹோம் லோன்), ஈமெயில், ஃபேஸ்புக், ரயில் டிக்கெட், பி.எஃப்., இன்கம்டாக்ஸ், கரன்ட் பில், காஸ், ஆபீஸ் கம்ப்யூட்டர். கை விரல் தீர்ந்து கால் விரலுக்குப் போயிருப்பீர்கள். இத்தனைக்கும் தனித்தனி பாஸ்வேர்ட், அத்தனையும் மனப்பாடம் என்று யாராவது சொன்னால், ஒன்று அவர் அஷ்டாவதானி. அல்லது புளுகுகிறார்.

நாமெல்லாம் என்ன செய்கிறோம்? மனைவி பெயர், பின்னால் கல்யாணமான வருஷம். பிரம்மச்சாரிகள் என்றால் அபிமான நடிகை, பின்னால் 123. அதையே எல்லா இடத்துக்கும். 2009-ல் ராக்யூ என்ற அமெரிக்கக் கம்பெனியிலிருந்து சுமார் 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்ட்கள் களவு போயின. அதில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. ஜாதி, மதம், தேசம் கடந்து மனித குலம் ஒற்றுமையாக இருக்கிற விஷயங்களில் இதுவும் ஒன்று.

எளிய பாஸ்வேர்டை விடவும் ஆபத்து, ஒரே பாஸ்வேர்ட். நீங்கள் என்றைக்கோ ஒரு தடவை செருப்பு வாங்கிய வெப்சைட்டில் திருட்டு நடக்கிறது. திருடர் உங்கள் செருப்புக் கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்? அதே ஈமெயில், அதே பாஸ்வேர்டை மற்ற இடங்களில் வரிசையாகப் போட்டுப் பார்ப்பார். அவர் கூட இல்லை, அவருடைய புரோகிராம் பார்த்துக்கொள்ளும். அவர் தூங்கலாம்.

இதற்கு மருந்துதான் பாஸ்வேர்ட் மானேஜர். செல்போனில் ஒரு பெட்டகம். ஒவ்வொரு இடத்துக்கும் வாயில் நுழையாத பாஸ்வேர்டை அதுவே தயாரித்து, அதுவே ஞாபகம் வைத்து, அதுவே பூர்த்தி செய்யும். நீங்கள் ஞாபகம் வைக்க வேண்டியது பெட்டகத்தின் சாவியை மட்டும். மாஸ்டர் பாஸ்வேர்ட் என்பார்கள்.

சரி, எதை வாங்குவது? அதற்கு முன் காரவள்ளியில் நடந்த ஒரு சமாச்சாரம்.

காரவள்ளி, கொல்லிமலையின் அடிவாரம். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகப் போனால் இங்கேதான் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். நாங்கள் நாலு பேர் இரண்டு பைக்கில் போனோம். மேலே ஏறி முடிக்கும்போது நண்பரின் பாக்கெட்டில் செல்போன் இல்லை. எந்த வளைவில் விழுந்தது என்று எழுபதில் ஒன்றைச் சொல்ல முடியுமா? தேடிக்கொண்டே கீழே வந்து, ஏறும்போது டீ குடித்த கடையிலேயே உட்கார்ந்தோம்.

டீக்கடைக்காரர்தான் யோசனை சொன்னார். "ஏந்தம்பி, வேற போன்ல இருந்தே அதப் பூட்டிப்போடலாம்னு எம் பையன் சொல்லுவானுங்க."

"பூட்டலாங்ண்ணா. ஈமெயில் பாஸ்வேர்ட் கேக்குதுங்க."

"போட்டு உடுங்க."

"அது அந்தப் போன்லதாங்க இருக்கு."

நண்பர் பாஸ்வேர்ட்களை விலாசப் புத்தகத்தில் 'பாங்க் மாமா', 'ஈமெயில் சித்தப்பா' என்று உறவு முறை வைத்துப் பதிந்திருந்தார். வேறு வழியில் நுழையலாம் என்றால் ஓ.டி.பி.யும் தொலைந்த நம்பருக்குத்தான் போகும். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "பொட்டிச் சாவியப் பொட்டிக்குள்ளயே வெச்சுப் பூட்டிப்போட்டீங்களாக்கும்?"

என் போனிலிருந்து பாங்க்குக்கும் செல்போன் கம்பெனிக்கும் பேசிக் கணக்கையும் சிம்மையும் முடக்கினோம். மலையிலிருந்து இறங்கிய பஸ்ஸின் கண்டக்டர், வழியில் கிடந்தது என்று போனைக் கொடுத்துவிட்டுப் போனார். கண்ணாடிதான் கீறல். மாமாவும் சித்தப்பாவும் பத்திரம்.

அந்த டீக்கடை வாக்கியம்தான் முதல் விதி.

போன் போனாலும் பெட்டகம் போகக்கூடாது. இன்னொரு போனிலோ வீட்டுக் கம்ப்யூட்டரிலோ பெட்டகம் திறக்க வேண்டும். அதே சமயம், சிக்னல் இல்லாத மலையிலும் கையிலிருக்கும் போனில் திறக்க வேண்டும். பிட்வார்டன் போன்றவை பூட்டிய நகல் ஒன்றைப் போனிலேயே வைத்திருக்கும். இரண்டு வேலையும் நடக்கும்.

கம்பெனியாலேயே திறக்க முடியக்கூடாது. 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற பிரபல பாஸ்வேர்ட் மானேஜர் கம்பெனிக்குள் புகுந்தவர்கள் வாடிக்கையாளர்களின் பெட்டகங்களை நகல் எடுத்துக்கொண்டு போனார்கள். பாஸ்வேர்ட்கள் பூட்டியபடிதான் இருந்தன. ஆனால் எந்தெந்த வெப்சைட் என்ற விலாசங்கள் பூட்டாமல் இருந்தன. நகல் கையில் இருந்தால் 'மூன்று தடவை தப்பானால் லாக்' என்ற கட்டுப்பாடு கிடையாது. வருஷக்கணக்கில் சாவி போட்டுப் பார்க்கலாம். மாஸ்டர் பாஸ்வேர்டை நோஞ்சானாக வைத்தவர்கள் பாடு திண்டாட்டம்.

காலி செய்துகொண்டு போக வழி இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் தன் ஆதென்டிகேட்டர் ஆப்பில் பாஸ்வேர்ட் காக்கும் வசதியை 2025 ஆகஸ்டோடு மூடிவிட்டது. மைக்ரோசாஃப்டே மூடும் என்றால் மற்றவர்களைப் பற்றிக் கேட்பானேன்? வாடகை வீடு மாதிரிதான். குடி போகும்போதே வெளியே சாமான் ஏற்றும் வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போர்ட் என்ற வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸ்போர்ட் செய்த ஃபைலில் எல்லாம் அம்மணமாக இருக்கும். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

விலாசம் பார்த்துப் பூர்த்தி செய்ய வேண்டும். 'இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று மெசேஜ் வருகிறது. தட்டினால் அசல் மாதிரியே ஒரு பக்கம். உங்கள் கண் ஏமாறும். பாஸ்வேர்ட் மானேஜர் எழுத்தெழுத்தாக விலாசத்தை ஒப்பிட்டு, 'இது நமக்குத் தெரிந்த இடமில்லை' என்று சும்மா இருந்துவிடும். அது சும்மா இருந்தால் நீங்களும் சும்மா இருங்கள். பாதி மோசடி அங்கேயே அடிபட்டுப் போகும்.

இனி சரக்குகள். ஆண்ட்ராய்டு போனில் கூகிளின் பாஸ்வேர்ட் மானேஜர் கூடவே வருகிறது, காசு இல்லை. ஆனால் சாதாரண ஏற்பாட்டில் கூகிள் கணக்கே சாவி. அந்தக் கணக்கு கோட்டை மாதிரி இருக்க வேண்டும். ஐபோன்காரர்களுக்கு 2024-ல் ஆப்பிள் 'பாஸ்வேர்ட்ஸ்' என்று தனி ஆப்பே கொடுத்துவிட்டது. எல்லா ரக போனிலும் ஓட வேண்டும் என்றால் பிட்வார்டன். இதன் புரோகிராமை யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். இலவசத் திட்டத்திலேயே கணக்கில்லாத பாஸ்வேர்ட்கள், கணக்கில்லாத போன்கள். நம்ம ஊர் சரக்கு வேண்டும் என்றால் சென்னை ஸோஹோவின் வால்ட் இருக்கிறது. யாரையும் நம்பாத ஜாதகக்காரர்களுக்கு கீபாஸ் வகை: எல்லாம் உங்கள் ஃபைலில், உங்கள் கையில். அதை மறக்காமல் நகல் எடுத்து வைப்பதும் உங்கள் தலையில்.

எதை எடுத்தாலும் தயாரித்தவர் பெயரைப் பார்த்து இறக்குங்கள். கூட்டம் இருக்கிற இடத்தில் போலிகளும் உண்டு.

மாஸ்டர் பாஸ்வேர்டுக்கு ஒரு நல்ல உபாயம். ஆர்னால்ட் ரெய்ன்ஹோல்ட் என்பவர் 1995-ல் சொன்னது. 7776 வார்த்தைகள் கொண்ட பட்டியல், ஒரு தாயக்கட்டை. ஐந்து தடவை உருட்டினால் ஒரு வார்த்தை. இப்படி ஆறு வார்த்தைகள். மொத்த சாத்தியங்கள் 2-க்குப் பின்னால் 23 சைபர் போட்டால் வருகிற எண். திருடரின் பேரன் காலத்திலும் முடியாது. நாமும் அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஆறு தடவை பிரிக்கலாம். உரல், கடுதாசி, வௌவால், தாழ்ப்பாள், நுங்கு, ரசீது. இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக்கொள்ளலாம். (இதையே வைத்துவிடாதீர்கள். இந்தப் பத்திரிகையை நிறையப் பேர் படிக்கிறார்கள்.) சினிமாப் பாட்டு வரி வேண்டாம். திருடரும் பாட்டுக் கேட்பார்.

இன்னொன்று. கொல்லிமலைக்குக் காரவள்ளி ரோடு மட்டுமல்ல, முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஏறலாம். பெட்டகத்துக்கும் அப்படியொரு சுற்று வழி உண்டு: உங்கள் ஈமெயில், உங்கள் போனைத் திறக்கும் நாலு நம்பர். ஆறு வார்த்தை மாஸ்டர் பாஸ்வேர்டை வைத்துவிட்டுப் போனுக்கு 1234 வைத்தால், ஒரு ரோட்டில் செக்போஸ்ட், இன்னொரு ரோட்டில் வரவேற்பு வளைவு. ஈமெயிலுக்கு இரட்டைப் பூட்டு போடுங்கள். அது தருகிற அவசர கோடுகளைப் பேப்பரில் எழுதி வையுங்கள். யு.பி.ஐ., ஏ.டி.எம். ரகசிய நம்பர்கள் மட்டும் பெட்டகத்திலும் வேண்டாம். தலைக்குள்ளேயே இருக்கட்டும்.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத விஷயம். நாளைக்கு நமக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இன்ஷூரன்ஸ், பாங்க், பி.எஃப். எல்லாவற்றின் தகவலும் நம் ஒருவர் தலையில்தான் இருக்கிறது. பிட்வார்டன் மாதிரி ஆப்களில் மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்தால் கம்பெனிக்காரனாலும் திறக்க முடியாது. வீட்டிலிருப்பவர்கள் அழுதுகொண்டே ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியதுதான். ஆகவே மாஸ்டர் பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, நகை இருக்கிற பீரோவில் வையுங்கள். மனைவியிடமோ அம்மாவிடமோ கவர் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுங்கள்.

"எதுக்குடா இப்ப இந்தப் பேச்சு" என்று அம்மா கோபித்துக்கொள்வாள். கோபித்துக்கொள்ளட்டும். கவர் எந்தத் தட்டில் இருக்கிறது என்பது அவளுக்கு மறக்காது.